வீட்டிலே படிக்கும் பிள்ளை: மார்க்குப் போடுவது யார்?

திருத்தணியில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் நகரி வந்துவிடுகிறது. இடையிலே மாநிலம் மாறுகிறது. ஸ்டேஷன் பலகையில் முதலில் நிற்கும் எழுத்து மாறுகிறது. வீட்டுக்குள் பேசும் பேச்சு மட்டும் அத்தனை சீக்கிரம் மாறிவிடுவதில்லை. நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் தமிழ் பேசும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளை தாயிடம் தமிழில் சோறு கேட்கிறது; பள்ளியில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ கணக்குப் போடுகிறது.

இத்தகைய பிள்ளையின் படிப்பில் ஒரு பாதி வீட்டிலேதான் நடக்கிறது. அந்தப் பாதிக்கு வருகைப் பதிவேடு இல்லை, பரீட்சை இல்லை, மார்க்கு அட்டையும் இல்லை. தாய் சொல்லிக் கொடுத்த தமிழ் எழுத்தையும், தகப்பன் சொல்லிக் கொடுத்த தறிக் கணக்கையும், தாத்தா சொன்ன கதையையும் எந்த இன்ஸ்பெக்டரும் வந்து பார்ப்பதில்லை. பள்ளிக்கே அனுப்பாமல் முழுப் படிப்பையும் வீட்டிலே நடத்தும் குடும்பங்களுக்கோ இந்தத் தொல்லை இரு மடங்கு. பிள்ளை எந்தப் பாடத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை யார் சொல்வது? சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

வேலை தேடி வெளி மாநிலம் போன தொழிலாளிக்கும், மாற்றலாகிப் போன குமாஸ்தாவுக்கும் இது அடுத்த வீட்டுச் சங்கதி அல்ல. இன்று நகரியில் உள்ள கேள்வி நாளை பெங்களூரிலும் பம்பாயிலும் அவரவர் வீட்டில் எழக் கூடியதே.

எல்லைக் கோடு

1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியது. பின்னர் படாஸ்கர் யோசனைப்படி 1959-ல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது.

கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழியார் அதிகம், நிலம் தொடர்ந்து இருக்கிறதா என்று பார்த்துப் போட்ட கோடு அது. எவ்வளவு நியாயமாகப் போட்டாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் சில வீடுகள் நின்றுதான் போகும். நகரிப் பக்கத்தில் தமிழ் வீடுகள் நின்றதுபோலத் திருத்தணிப் பக்கத்தில் தெலுங்கு வீடுகள் நின்றன. தமிழ்நாட்டில் 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் தமிழை முதல் பாடமாகப் படிக்க வேண்டியதாயிற்று. ஆகவே ஒரு மொழியாரை மற்றொரு மொழியார் குறை சொல்லித் தீரக் கூடிய விவகாரம் அல்ல இது.

இத்தகைய பிள்ளைகளை நினைத்தே 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அது கூறுகிறது. அதற்கும் முன்னதாக, 1949-ல் கூடிய மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு ஒரு கணக்குச் சொல்லியிருந்தது. ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள், அல்லது பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகள் இருந்தால் தாய்மொழியில் சொல்லித் தர ஆசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. சித்தூர் மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் நடந்து வந்ததற்கு இத்தகைய ஏற்பாடுகளே ஆதாரம்.

ஆனால் காலம் மாறியது. பெற்றோரின் ஆசை ஆங்கிலத்தின் பக்கம் திரும்பியது. 2019 நவம்பரில் ஆந்திர அரசு தன் பள்ளிகளில் ஆரம்ப வகுப்புகளை ஆங்கில வழிக்கு மாற்ற உத்தரவு போட்டது. 2020 ஏப்ரலில் அந்த மாநில ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. வழக்கு எப்படிப் போனாலும் வீடுகளில் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து என்பது வீட்டுத் திண்ணையில் மட்டும் கிடைக்கும் பாடமாகிவிட்டது.

மூன்று வகை

வீட்டுப் படிப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வீண் சர்ச்சை வளர்கிறது.

பள்ளிக்கும் போய்க்கொண்டு, பள்ளி தராததை மட்டும் வீட்டில் கற்பது முதல் வகை. நகரித் தமிழ் வீடுகளில் பெரும்பாலானவை இந்த வகை. இங்கே வீடு ஒரே ஒரு பாடத்துக்கு, அதாவது தமிழுக்கு, பள்ளியாக இருக்கிறது.

படித்த பெற்றோர் யோசித்து முடிவு செய்து, பள்ளியைத் தவிர்த்து எல்லாப் பாடத்தையும் வீட்டிலே நடத்துவது இரண்டாவது வகை. இந்தியாவில் இத்தகையோர் தொகை சிறியது. பெரும்பாலும் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள்.

பிள்ளை வீட்டில் இருக்கிறது, ஆனால் படிப்பு நடக்கவில்லை என்பது மூன்றாவது வகை. வேலை தேடி ஊர் மாறிய குடும்பம், நடுவருடத்தில் பள்ளியில் சேர்க்க முடியாத குடும்பம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை நிறுத்திவிட்ட குடும்பம் ஆகியவை இதில் சேரும். "வீட்டிலேயே படிக்கிறாள்" என்று சொல்லிக்கொள்வார்கள். அது படிப்பு அல்ல. படிப்பு நின்று போனதை மறைக்கும் பேச்சு.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது நாடு முழுவதும் எல்லாப் பிள்ளைகளும் சில காலம் வீட்டுப் படிப்புக்காரர்கள் ஆனார்கள். அதன் விளைவு கணக்கில் தெரிந்தது. கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கும் 'ஏசர்' ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-ல் சுமார் 27 சதவீதம் இருந்தார்கள். 2022-ல் அது 20 சதவீத அளவுக்கு இறங்கியது. 2024-ல்தான் திரும்பவும் 27 சதவீதத்தை எட்டியது. வீடு நல்ல இடம்தான்; ஆனால் சொல்லித் தர ஆளும், அளந்து பார்க்க வழியும் இல்லாத வீட்டில் பிள்ளை பின்தங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சட்டம் சொல்வது

2010 ஏப்ரல் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. பிள்ளையை அக்கம்பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-வது பிரிவு கூறுகிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் குறிப்பிடவில்லை. வீட்டுக் கல்வியைக் குற்றம் என்றும் அது சொல்லவில்லை. வீட்டுக் கல்விக்கென்று ஒரு விதியையும் வகுக்கவில்லை. ஆகவே வீட்டிலே கற்கும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் படாமல் வளர்கிறது. தண்டனை இல்லை என்பதில் பெற்றோர் நிம்மதி அடையலாம். பாதுகாப்பும் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

அதே சட்டத்தில் பெற்றோர் அறிய வேண்டிய நல்ல அம்சம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கே போகாத பிள்ளையானாலும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விட்டுப்போன பாடத்தைப் பிடிக்கத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஊர் மாறிவந்த தொழிலாளி குடும்பங்கள் இதைக் கேட்டுப் பெறலாம். முடிந்தவரை பிள்ளையின் தாய்மொழியிலேயே சொல்லித் தர வேண்டும் என்றும், பிள்ளை கற்றதைத் தொடர்ந்து பல கோணங்களிலும் மதிப்பிட வேண்டும் என்றும் அதன் 29-வது பிரிவு கூறுகிறது. பள்ளிக்குச் சொன்ன இந்த இரு விதிகளும் வீட்டுக்கும் பொருந்தும் விதிகளே.

மற்ற நாடுகளில்

ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குப் போயே தீர வேண்டும். வீட்டிலே படிக்க வைப்பதற்கு அனுமதி கிடைப்பது மிக அரிது. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக் கல்விக்கு அனுமதி உண்டு. ஆனால் கண்காணிப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூயார்க் மாநிலத்தில் பெற்றோர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாடவாரியாக அறிக்கை தர வேண்டும். பென்சில்வேனியாவில் பிள்ளையின் வேலைகளைத் தொகுத்து ஒரு கோப்பாக வைத்திருக்க வேண்டும். தகுதி பெற்ற ஒருவர் அதைப் பார்த்துச் சான்று தர வேண்டும்.

தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். அங்கே 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். வீட்டிலே சொல்லித் தர விரும்பும் பெற்றோர் அரசிடம் விலக்குப் பெற வேண்டும். பிள்ளை ஆரம்பப் பள்ளி இறுதிப் பரீட்சையை எழுத வேண்டும். அதில் அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவையும் எட்ட வேண்டும். அந்தப் பரீட்சையில் ஆங்கிலம், கணக்கு, விஞ்ஞானம் ஆகியவற்றோடு தாய்மொழியும் ஒரு பாடம். தமிழ்ப் பிள்ளை பொதுவாகத் தமிழை எழுதுகிறது. அதாவது, வீட்டிலே கற்ற தமிழுக்கு அங்கே அரசாங்கம் மார்க்குப் போடுகிறது. நகரிப் பிள்ளை வீட்டிலே கற்கும் தமிழுக்கு அப்படி மார்க்குப் போட இங்கே ஆள் இல்லை.

மதனபள்ளி போட்ட ஏணி

பிள்ளையின் முன்னேற்றத்தை எப்படி அளப்பது என்பதற்கு வழிகாட்டியை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. அன்றைய சித்தூர் மாவட்டத்திலேயே ஒன்று பிறந்தது.

ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊரான மதனபள்ளிக்கு அருகே ரிஷி வேலிப் பள்ளி இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக அந்த நிறுவனம் சிறு பள்ளிகளை நடத்தியது. ஒரே ஆசிரியர், பல வகுப்புப் பிள்ளைகள் என்பதே அங்கு நிலைமை. ஆகவே பாடப் புத்தகத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்தார்கள். அட்டைகளை ஒரு ஏணியின் படிகளைப்போல வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, அடுத்த அட்டையை எடுத்துப் படிக்கும். ஒரு பிள்ளை கணக்கில் பத்தாவது படியிலும் மொழியில் ஐந்தாவது படியிலும் நிற்கலாம். அதற்காக யாரும் அதனைத் தேறியது என்றோ தவறியது என்றோ சொல்வதில்லை.

சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் இந்த முறையைப் பார்த்துவந்தார்கள். எம். பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-ல் அங்கே 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. 2007 வாக்கில் தமிழ்நாடு முழுவதும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குப் பரவியது. எல்லா இடத்திலும் அது ஒரே மாதிரி பலன் தந்தது என்று கூற முடியாது. அட்டைகள் தேய்ந்ததும், ஆசிரியருக்கு வேலைப்பளு கூடியதும் உண்மை. ஆனால் பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட எந்தப் படியில் நிற்கிறது என்பதே முக்கியம் என்ற கருத்து நிலைத்துவிட்டது. கொரோனாவுக்குப் பின்னர், 2022 ஜூனில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்தே பிரித்தார்கள்.

பாடம் பாடமாக

இந்த ஏணியை வீட்டிலும் போடலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

மொழிக்கு நான்கு படி போதும். எழுத்தைச் சொல்கிறதா? சொல்லை வாசிக்கிறதா? நாலு வரிப் பத்தியை வாசிக்கிறதா? ஒரு சிறு கதையைத் தடையில்லாமல் வாசித்து, என்ன நடந்தது என்று தன் வார்த்தையில் சொல்கிறதா? ஏசர் ஆய்வுக்காரர்கள் வாசிப்பைச் சோதிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். நகரிப் பிள்ளைக்கு இந்த நான்கு படியையும் தமிழுக்கு ஒரு பக்கம், தெலுங்குக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக எழுத வேண்டும். தெலுங்கில் கதை வாசிக்கும் பிள்ளை தமிழில் எழுத்துப் படியில் நின்றால், அந்த வீட்டு உண்மை அந்தப் பக்கத்தைத் திருப்பினாலே தெரிந்துவிடும்.

கணக்குக்கும் இப்படியே. எண்ணை அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல் என்று படிகள். இங்கே நகரிக்கு ஒரு வசதி இருக்கிறது. விசைத்தறி ஓடும் ஊர் அது. தறியே ஒரு கணக்குப் புத்தகம். பருத்தி நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதன் கணக்கு. 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டு என்றால் 40 சிட்டம், 33,600 கெஜம். நம்பர் கூடினால் நூல் ஏன் மெலிகிறது என்ற கேள்விக்குப் பத்து வயதுப் பிள்ளை பதில் சொல்லிவிட்டால், பெருக்கலும் வகுத்தலும் அதற்குக் கைவந்துவிட்டன என்று துணிந்து எழுதலாம். அதே கெஜத்தை மீட்டராக மாற்றச் சொன்னால் அடுத்த படி.

விஞ்ஞானத்துக்கும் சமூக பாடத்துக்கும் மனப்பாடம் ஒரு அளவுகோல் அல்ல. குசஸ்தலை ஆற்றில் எந்த மாதம் தண்ணீர் ஓடுகிறது, ஏன் மற்ற மாதம் ஓடுவதில்லை என்று பார்த்து எழுதினால் அது பாடம். கடலில் வரும் கப்பல்காரர்களுக்கு அடையாளமாக இருந்த நகரி மூக்கு மலையை வரைபடத்தில் காட்டினால் அதுவும் பாடம். பாட்டு, விளையாட்டு, ஓவியம், கைவேலை ஆகியவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். போன மாதம் செய்ய முடியாத எதை இந்த மாதம் செய்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நோட்டில் எழுதக் கூடாததும் ஒன்று உண்டு. "கெட்டிக்காரன்", "மந்தம்" என்ற வார்த்தைகள் அதில் இடம்பெறக் கூடாது. பெற்றோர் போடும் மார்க்கில் பாசமும் கோபமும் கலந்துவிடும். செய்ததை மட்டும் எழுதினால் அந்தக் கலப்படம் குறையும். மாதம் ஒரு முறை வெளி ஆள் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. தெருவில் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியரோ, தபாலாபீஸ் குமாஸ்தாவோ கிடைக்காமல் போகமாட்டார்.

தறி பாடமா, வேலையா?

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். தறி நல்ல கணக்குப் புத்தகம் என்பது எவ்வளவு உண்மையோ, அது பிள்ளையின் நேரத்தை விழுங்கக் கூடியது என்பதும் அவ்வளவு உண்மை.

1986-ம் வருடத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பது பொதுவாகத் தடை செய்யப்பட்டது. ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் பிள்ளை வீட்டாருக்கு உதவலாம் என்று ஒரு விலக்கு வைக்கப்பட்டது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது என்று மணி அடித்துச் சொல்லிவிடும். வீட்டிலே படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? மணி அடிக்க யாரும் இல்லாத வீட்டில், காலையில் தார் சுற்ற உட்கார்ந்த பெண் மாலையிலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். கேட்டால் வீட்டிலே படிக்கிறாள் என்ற பதில் வரும்.

ஆகவே வீட்டுப் படிப்பு உண்மையானதா என்பதற்கு முதல் சோதனை மார்க்கு அல்ல, நேரம். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அந்தப் பிள்ளை தறியை விட்டு விலகிப் புத்தகத்தோடு இருக்கிறது என்று சொல்ல முடியாத வீட்டில் படிப்பு நடக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பள்ளியே பாதுகாப்பு. அந்தப் பள்ளி தமிழில் சொல்லித் தராவிட்டாலும், அங்கே மத்தியானச் சாப்பாடும், சக பிள்ளைகளின் கூட்டும், "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒரு ஆசிரியரும் உண்டு.

கெட்டிக்காரிக்கும் கதவு அடைத்தது

வீட்டிலே நன்றாகப் படித்த பிள்ளைக்குக் கூடக் கடைசியில் ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. மும்பையைச் சேர்ந்த மாளவிகா ராஜ் ஜோஷியின் கதை இதற்குச் சான்று. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு வீட்டிலே படித்த அந்தப் பெண், சர்வதேசக் கம்ப்யூட்டர் ஒலிம்பியாட் போட்டிகளில் இரண்டு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றார். 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவரைச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் ஐ.ஐ.டி. கதவு அவருக்குத் திறக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை என்பதே காரணம். இடைக்காலத்தில் அவருக்கு இடம் தந்து எம்.எஸ்ஸி. தரத்துப் பாடம் சொல்லித் தந்தது சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம்.

சர்வதேசப் பதக்கம் பெற்றவருக்கே இந்தக் கதி என்றால், நகரியில் ஒரு தறிக்காரர் மகனுக்கோ குமாஸ்தா மகளுக்கோ என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை. மும்பைப் பெண்ணுக்குக் கடல் கடந்து போக வழி இருந்தது. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கு ரயில்வே பரீட்சையும், ஐ.டி.ஐ.யும், போலீஸ் வேலையும்தான் வழி. அவை ஒவ்வொன்றின் வாசலிலும் சான்றிதழைக் கேட்கிறார்கள்.

இதற்கு மாற்று வழி உண்டு. 1989-ல் அமைக்கப்பட்டு இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் மத்திய அமைப்பு, பள்ளிக்குப் போகாதவர்களுக்கும் பரீட்சை நடத்திச் சான்றிதழ் தருகிறது. பத்தாம் வகுப்புக்குச் சமமான பரீட்சைக்கு 14 வயது முடிந்திருக்க வேண்டும். ஐந்து பாடங்களில் தேற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் எழுத வேண்டிய கட்டாயமில்லை. ஒரு முறை பதிவு செய்தால் ஐந்து வருடத்துக்குள் பாடம் பாடமாக எழுதித் தேறலாம். தேறிய பாடம் தேறியதே. தமிழ் ஒரு மொழிப் பாடமாக இருக்கிறது. ஓவியம், மனையியல் போன்றவையும் பாடங்களாக இருப்பதால், வீட்டிலே கற்ற கைவேலைக்கும் மார்க்குக் கிடைக்க வழி உண்டு. ஆந்திரத்துக்கென்று 1991-ல் அமைந்த திறந்தநிலைப் பள்ளிச் சங்கமும் இருக்கிறது.

ஏணியில் கணக்கு ஒரு படி, மொழி ஒரு படி என்று நிற்கும் பிள்ளைக்கு, பாடம் பாடமாக எழுதும் இந்த ஏற்பாடு பொருத்தமானது. ஆனால் 14 வயது வந்த பிறகு விசாரிக்கப் போனால் தாமதமாகிவிடும். பிள்ளை 12 வயதைத் தொடும்போதே எந்தப் பரீட்சை, எந்தப் பாடம், பின்னால் சேர விரும்பும் படிப்புக்கோ வேலைக்கோ அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று கேட்டறிந்து முடிவு செய்துவிட வேண்டும்.

தமிழுக்கு மார்க்கு

பள்ளிக்கும் போகும் பிள்ளைக்குச் சான்றிதழ்த் தொல்லை இல்லை. அங்கே நஷ்டமாவது தமிழ் மட்டுமே. அது சத்தமில்லாமல் நேரும் நஷ்டம். பேச்சு இருக்கும், எழுத்து போய்விடும். திருத்தணியில் உள்ள பாட்டிக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைப் பேரன் வாசித்துக் காட்ட முடியாமல் தெலுங்கில் பேர் எழுதிக் கேட்கும்போதுதான் பெற்றோருக்கு உறைக்கும். அப்போது பேரனுக்குப் பதினைந்து வயது ஆகியிருக்கும்.

தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ளவர்கள் தமிழ் கற்பதற்கென்றே 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். மழலைக் கல்வி முதல் சான்றிதழ்ப் படிப்பு வரை அங்கே உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கையில் ஒரு செல்போன் உள்ள வீட்டில் புத்தகம் இல்லை என்ற சாக்குச் செல்லாது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரை மணி ஒதுக்கினால் ஒரு வருடத்தில் சுமார் 78 மணி நேரம் ஆகிறது. ஏற்கெனவே பேசத் தெரிந்த மொழிக்கு எழுத்தைக் கற்றுக்கொள்ள இது தாராளம்.

செய்ய வேண்டியது

இதில் மூன்று தரப்பாருக்கு வேலை இருக்கிறது.

ஆந்திர அரசு, எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழை ஒரு மொழிப் பாடமாகவேனும் எல்லா நிலையிலும் கிடைக்கச் செய்ய வேண்டும். தமிழ்நாட்டு அரசு தன் எல்லைக்குள் உள்ள தெலுங்குப் பிள்ளைகளிடம் இதே பரிவைக் காட்டினால், கேட்பதற்கு வாய் இருக்கும். எந்த வகுப்பில் பத்துப் பேர், எந்தப் பள்ளியில் நாற்பது பேர் என்ற கணக்கு எடுத்துப் பெற்றோர் சேர்ந்து மனுக் கொடுப்பதும் அவசியம். கணக்கு இல்லாத கோரிக்கையை எந்த ஆபீசும் மதிப்பதில்லை.

மத்திய அரசு, வீட்டுக் கல்வியைக் கண்டும் காணாததுமாக விட்டுவைக்காமல் எளிய விதிமுறை ஒன்றை வகுக்க வேண்டும். வருடம் ஒரு முறை அருகில் உள்ள அரசுப் பள்ளியில் பிள்ளையைப் பாடவாரியாகச் சோதித்துக் குறித்துக்கொண்டால் போதும். யோசித்து வீட்டில் கற்பிக்கும் குடும்பத்துக்கு அது பாதுகாப்பு. படிப்பை நிறுத்திவிட்டு மறைக்கும் குடும்பத்தில் உள்ள பிள்ளைக்கு அது மீட்பு.

மூன்றாவது தரப்பு வெளி மாநிலத் தமிழ்ச் சங்கங்கள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவதில் தவறில்லை. அத்தோடு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலே தமிழ் கற்கும் பிள்ளைகளை வரவழைத்து, எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படியில் வாசிக்கச் சொல்லி, நின்ற படியை ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கலாம். அந்த அட்டைக்கு அரசாங்க முத்திரை இருக்காது. ஆனால் போன வருடம் சொல் படியில் நின்ற பெண் இந்த வருடம் கதைப் படியில் நிற்கிறாள் என்று அதில் எழுதியிருந்தால், அடுத்த வருடத்துக்கு அந்த வீட்டில் புத்தகம் மூடப்படாது.